கரையில் நடந்தவன்

மலைத்தொடரில் பிறந்து மலாக்கா நீரிணையில் கலக்கும் சிலாங்கூர் ஆறு, கோலகுபு பாருவுக்கு மேலே இளங்கன்றுபோல் துள்ளி ஓடுகிறது. பாறைகளில் மோதி வெண்ணுரை சிதறும் அந்தப் பகுதிக்குத் துடுப்பேந்திய இளைஞர் பலர் கயாக் எனும் சிறு படகுடன் வருகின்றனர்.

ஆற்றின் சீற்றத்தை அறிந்த ஊர் அது. 1883ஆம் ஆண்டில் பழைய கோலகுபுவின் அணை உடைந்து வெள்ளம் ஊரை வாரிச் சென்றது. மாண்டோருள் ஆங்கிலேய அதிகாரி சிசில் ரேங்கிங்கும் ஒருவர். பிற்காலத்தில் ஊர் வேறிடத்தில் அமைந்தது. 'பாரு' என்னும் மலாய்ச் சொல்லுக்குப் புதியது என்பது பொருள். ஊரின் பெயரிலேயே அந்த வரலாறு ஒளிந்திருக்கிறது.

நீரின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். எனவே, தோள்வலியால் ஆற்றை வெல்ல எண்ணுவது பேதைமை. அதனைப் படிக்கத் தெரிந்தவனே கரை சேர்வான். கூர்முனை கீழ்நோக்கி அமைய நீர் விரல்விரித்தாற்போல் தோன்றினால், இரு பாறைகளுக்கிடையே வழி உண்டு. கூர்முனை மேல்நோக்கி இருந்தால், அங்கே பாறை மறைந்திருக்கிறது. பெரும்பாறையின் பின்னே நீர் திரும்பிச் சுழன்று அமைதியுறும் இடம், படகோட்டி மூச்சு வாங்கும் திண்ணையாகும். வீழ்ந்து கிடக்கும் மரமோ கொடிய பகை. நீர் கிளைகளினூடே வடிந்துவிடும். மனித உடலோ சிக்கிக்கொள்ளும்.

விரைநீரை 1 முதல் 6 வரை தரம் பிரித்துள்ளனர். ஆயினும் நேற்றைய தரம் இன்றைக்குச் சான்றாகாது. மலையில் ஒரு மழை பெய்தாலும், மேலணையில் நீர் திறந்தாலும், ஆறு வேறோர் ஆறாகிவிடும்.

மிதவைச் சட்டையும் தலைக்கவசமும் எப்போதும் உடலில் இருத்தல் வேண்டும். கவிழ்ந்தவன் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலலாகாது. பாறையிடுக்கில் கால் சிக்கினால் நீரே அவனை அமிழ்த்திவிடும். மல்லாந்து, கால்களைக் கீழ்த்திசை நோக்கி உயர்த்தி மிதத்தலே முறை. கரையில் ஒருவர் கயிறு வீசக் காத்திருக்க வேண்டும்.

இவையனைத்தும் கற்ற ஓர் இளைஞன் கொடிய திருப்பமொன்றின் தலைப்பில் படகை நிறுத்துகிறான். கரையேறிப் பாறைமீது நின்று நெடுநேரம் நோக்குகிறான். திருப்பத்தின் கீழே மரமொன்று குறுக்கே கிடப்பது அங்கிருந்தே தெரிகிறது. அவன் படகைத் தோளில் சுமந்து கரைவழியே நடக்கத் தொடங்குகிறான். நண்பர் சிலர் நகைக்கின்றனர். அவன் முகம் சிவக்கிறது. நடை மட்டும் நிற்கவில்லை.

அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதல் கோழைமை அன்று. நகைப்புக்கு அஞ்சி நீரில் இறங்குவதே கோழைமை. படகோட்டக் கற்பிக்கும் ஆசான், துடுப்புப் பிடிக்கும் முறையுடன் இந்த மனத்திண்மையையும் ஊட்டுதல் வேண்டும். வகுப்பறையிலும் இஃது ஒவ்வாத பாடமன்று. தன் அளவறிந்து விலகத் தெரிந்தவனுக்கு நாளையும் ஆறு உண்டு, துடுப்பும் உண்டு.