சொல்லாமல் விட்ட ஒரு மதிப்பெண்

ஆய்வு மாணவர்களுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் புள்ளியியல் பகுப்பாய்வு செய்து கொடுப்பது என் தொழில். நான் பொய்யான எண் எதையும் எழுதியதில்லை. ஆனால் எந்த எண்ணைப் பற்றிப் பேச வேண்டுமோ அதைப் பற்றி வாய் திறக்காமல் இருந்திருக்கிறேன். அதைத்தான் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளிப் பிள்ளைகளுக்கான மாலைநேரப் பயிற்சித் திட்டம் ஒன்றின் தரவு என்னிடம் வந்தது. பயிற்சி பெற்றவர்களின் சராசரி மற்றவர்களைவிட நூற்றுக்கு ஏறத்தாழ ஒரு மதிப்பெண் கூடுதல். பி மதிப்பு 0.01-க்கும் கீழே. அட்டவணையில் இரண்டு நட்சத்திரம் போட்டேன். 'குறிப்பிடத்தக்க வேறுபாடு உள்ளது' என்று முடிவுரை எழுதினேன். அந்த ஒரு மதிப்பெண் அட்டவணையில் இருந்தது, முடிவுரையில் இல்லை. திட்டம் மேலும் பல பள்ளிகளுக்குப் போனது.

தெரியாமல் செய்ததல்ல. உண்மையில் வேறுபாடே இல்லையென்றால், இவ்வளவோ இதைவிட அதிகமோ வேறுபாடு தற்செயலாகத் தென்பட எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் பி மதிப்பு சொல்கிறது. வேறுபாடு பெரிதா, பயனுள்ளதா என்று அது சொல்வதில்லை. மதிப்பெண்களின் சிதறலைக் காட்டும் திட்டவிலக்கம் 15 என்று வைத்துக்கொள்வோம். குழுவுக்கு 100 பேர் இருந்தால், ஒரு மதிப்பெண் வேறுபாட்டின் பி மதிப்பு சுமார் 0.64, யாரும் பொருட்படுத்த மாட்டார்கள். குழுவுக்கு 4,000 பேர் இருந்தால் அதே ஒரு மதிப்பெண்ணுக்கு 0.003 வந்துவிடும். தலைகள் கூடியிருக்கின்றன, கல்வி கூடவில்லை. ஒன்றை 15-ஆல் வகுத்தால் விளைவளவு 0.07-கூட இல்லை. பயிற்சி பெற்றவர் ஒருவரையும் பெறாதவர் ஒருவரையும் குருட்டாம்போக்கில் எடுத்து ஒப்பிட்டால், முன்னவர் முந்தியிருக்க 100-க்கு 52 வாய்ப்பு. நாணயத்தைச் சுண்டினாலே 50 கிடைக்கும்.

பிறகு விளைவளவையும் எழுதத் தொடங்கினேன். அதன் பின்னாலும் ஒளிந்துகொண்டேன். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹென் வகுத்த எல்லைகள், வேறு ஆதாரம் இல்லாதபோது பயன்படுத்த அவர் தயக்கத்தோடு கொடுத்தவை. நானோ 0.2-க்குக் கீழே எது வந்தாலும் 'புறக்கணிக்கத்தக்கது' என்று யோசிக்காமல் எழுதினேன்.

அதுவும் தவறு என்பதற்கு அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேரிடம் நடந்த ஆஸ்பிரின் ஆய்வே சாட்சி. 1988-இல் வெளியான முதல் அறிக்கையின்படி, ஆஸ்பிரின் சாப்பிட்ட 11,037 பேரில் 104 பேருக்கு மாரடைப்பு. போலி மாத்திரை சாப்பிட்ட 11,034 பேரில் 189 பேருக்கு. மாத்திரைக்கும் மாரடைப்புக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு வெறும் 0.034. என் வழக்கப்படி அதைத் தள்ளியிருப்பேன். ஆய்வை நடத்தியவர்களோ அதன் ஆஸ்பிரின் பகுதியை முன்கூட்டியே நிறுத்திப் பலனை அறிவித்தார்கள். மாரடைப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது என்றும் சொல்லலாம். 100-க்கு ஒருவர்கூடக் குறையவில்லை என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. மாத்திரையோ மலிவு, தடுப்பதோ மாரடைப்பு. எதிர்ப்பக்கத்தில் இரத்தக்கசிவு அபாயம். இவற்றை எடைபோடுவது மனிதர் செய்ய வேண்டிய வேலை. பி மதிப்பும் செய்யாது, கோஹெனின் எல்லைகளும் செய்யா.

அந்த வேலையைத்தான் நான் தட்டிக்கழித்தேன். ஒரு மதிப்பெண்ணுக்காகப் பிள்ளைகள் எத்தனை மாலைகளைக் கொடுத்தார்கள், ஆசிரியர்கள் எவ்வளவு நேரம் கூடுதலாக நின்றார்கள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் பணம் கொடுத்தவரின் முகம் கோணும், அடுத்த வேலை வராது என்று பயந்தேன். நட்சத்திரம் போட்டால் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை.

இப்போது அறிக்கையின் முதல் பத்தியிலேயே மூன்றைச் சொல்லிவிடுகிறேன்: வேறுபாடு எத்தனை மதிப்பெண், அதன் நம்பிக்கை இடைவெளி எங்கிருந்து எங்கே, அதற்குச் செலவான நேரமும் பணமும் எவ்வளவு. பி மதிப்பு அதற்குப் பிறகுதான். பழைய அறிக்கைக்கும் இப்படியொரு திருத்தம் எழுதி அனுப்பினேன், மிகவும் தாமதமாக.

அன்றே எழுதியிருந்தால் அவர்கள் திட்டத்தைக் கைவிட்டிருக்கலாம், மாற்றியிருக்கலாம், ஒரு மதிப்பெண்ணும் வேண்டியதுதான் என்று தெரிந்தே தொடர்ந்திருக்கலாம். முடிவு அவர்களுடையது. அதை எடுக்கத் தேவையான எண்ணை அவர்கள் கண்ணில் படாமல் வைத்தது நான்.