சுவரும் சித்திரமும்

நிறைந்த வீட்டில் தேர்ந்தெடுப்பது எளிது. எதை எடுத்தாலும் மற்றவை அங்கேயே இருக்கும். வறுமை வந்த வீட்டில் தேர்ந்தெடுப்பதுதான் கடினம். கூரை ஒழுகுகிறது, விளக்கும் இல்லை, கையில் உள்ள பொருளோ ஒன்றுக்கே போதும். அந்நிலையில் ஒன்றைக் கொள்வது மற்றொன்றை விடுவதாகவே முடிகிறது. அறிவோடு நெஞ்சமும் சோதிக்கப்படும் இடம் அது.

விளையாட்டு உலகிலும் இத்தகைய வறுமை உண்டு. இத்தகைய தேர்வும் உண்டு. அமெரிக்கக் காற்பந்தில் 32 தொழில்முறைக் குழுக்கள் உள்ளன. பல்கலைக்கழகங்களில் ஆடிப் பெயர் பெற்ற இளைஞர்களை அவை ஆண்டுதோறும் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கின்றன. 'டிராஃப்ட்' என்று இதனை அழைப்பர். முந்திய ஆண்டில் மிகுதியாகத் தோற்ற குழுவிற்கே முதல் உரிமை. பிலடெல்பியா ஈகிள்ஸ் குழுவின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935ஆம் ஆண்டில் இதனை முன்மொழிந்தார். 1936இல் இது நடைமுறைக்கு வந்தது. வலியவர் மேலும் வலியவராகி, மெலிந்தவர் மேலும் மெலிந்து போகாதிருக்கக் கண்ட வழி இது. பந்தியில் கடைசியாக நின்றவனை முதலில் அமரச் செய்யும் அறம் எனலாம். ஆயினும் அமர்ந்தவன் எதை முதலில் உண்பது என்பதை அவனே முடிவு செய்தாக வேண்டும்.

அம்முடிவு எவ்வளவு கடினமானது என்பதை உணர, ஆட்டத்தின் அமைப்பைச் சிறிது அறிதல் வேண்டும். பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்தை வைத்திருக்கும் குழு நான்கு முயற்சிகளுக்குள் பத்துக் கெஜம் முன்னேற வேண்டும். பந்தைப் பெற்று, களத்தை நோக்கி, யாருக்கு எறிவது என்று முடிவு செய்பவர் 'குவார்ட்டர்பேக்'. ஆட்டத்தின் மூளை அவரே. அவருக்கு முன்னால் ஐவர் சுவராக நிற்பர். ஒவ்வொருவரும் 130 கிலோவுக்கு மேல் எடையுள்ள மல்லர்கள். பாய்ந்து வரும் எதிரிகளை இரண்டு மூன்று நொடிகள் தடுத்து நிறுத்துவதே அவர்கள் பணி. அந்த நொடிகளுக்குள் பந்து கையை விட்டுப் போகாவிட்டால், எறிபவர் மண்ணில் வீழ்த்தப்படுவார். தூரத்தே ஓடிச் சென்று, எறிந்த பந்தைப் பற்றுவோர் வேறு சிலர். மக்கள் ஆரவாரம் செய்வது இவர்களைக் கண்டுதான். சுவராக நின்றவர் பந்தை ஏந்தி ஓடுவதில்லை. புள்ளி எடுத்தோர் வரிசையில் அவர் பெயர் வருவதும் அரிது. எதிரி உள்ளே புகுந்துவிட்டால் மட்டும், வழிவிட்டவர் யார் என்று அரங்கமே கேட்கும்.

ஒஹையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகரின் குழு பெங்கல்ஸ். 2019ஆம் ஆண்டில் அது 16 ஆட்டங்களில் இரண்டில்தான் வென்றது. அதனால் கிடைத்த முதல் உரிமையைக் கொண்டு, 2020 ஏப்ரலில் ஜோ பர்ரோ என்னும் இளைஞரைக் குவார்ட்டர்பேக்காக எடுத்தது. அவ்விளைஞரிடம் திறமை இருந்தது. அவர் முன்னால் நின்ற சுவரில்தான் வலிமை இல்லை. பத்து ஆட்டங்களில் 32 முறை அவர் வீழ்த்தப்பட்டார். பத்தாவது ஆட்டம் நவம்பர் 22ஆம் நாள் வாஷிங்டன் குழுவோடு நடந்தது. பந்தை எறிந்து முடித்த கணத்தில் எதிரிகளின் உடல்கள் அவர் இடக்காலின் மீது மோதின. முழங்காலின் தசைநார்கள் கிழிந்தன. வண்டியில் ஏற்றி அவரைக் களத்திலிருந்து கொண்டு சென்றனர். அந்த ஆண்டை நான்கே வெற்றிகளோடு குழு முடித்தது.

2021 ஏப்ரலில் மீண்டும் தேர்வு வந்தது. இம்முறை ஐந்தாம் இடம். முதல் நான்கு குழுக்கள் எடுத்த பின்னும் இரு பெரும் இளைஞர்கள் எஞ்சி நின்றனர். ஒருவர் பெனே சூவல். அமெரிக்கச் சமோவாத் தீவில் பிறந்தவர். 2019இல் பல்கலைக்கழக ஆட்டத்தின் தலைசிறந்த உள்வரிசை வீரருக்குரிய பரிசைப் பெற்ற தடுப்பு வீரர். மற்றவர் ஜமார் சேஸ்; பந்தைப் பற்றுவதில் வல்லவர்; லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பர்ரோவோடு ஆடி, 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்றவர். பெருந்தொற்றின் காரணமாக இருவருமே 2020ஆம் ஆண்டில் களம் இறங்கவில்லை.

யாரை எடுப்பது? சுவரையா, சித்திரத்தையா?

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது நம் முன்னோர் மொழி. கிழிந்த முழங்காலைக் கண்ட எவரும் தடுப்பு வீரரையே எடுக்கச் சொல்வர். உயிரைப் பணயம் வைத்து நிற்கும் இளைஞருக்குக் கவசம் தராமல், அவர் எறியும் பந்தைப் பிடிக்க ஆள் தேடுவது முறையா என்று கேட்பர். இக்கேள்வியில் நியாயம் உண்டு, இரக்கமும் உண்டு. மறுபக்கத்தாரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கது அன்று. ஐவர் நிற்கும் சுவரில் ஒரு கல்லை மட்டும் மாற்றினால் சுவர் முழுதும் உறுதியாகிவிடுமா? பந்தைப் பற்ற விரைந்து செல்பவர் இருந்தால், எறிபவர் காத்திருக்க வேண்டிய நொடிகள் குறையுமல்லவா? விரைவும் ஒருவகைக் கவசம்தானே?

சின்சினாட்டி சேஸை எடுத்தது. இரண்டாம் சுற்றில் ஒரு தடுப்பு வீரரையும் எடுத்தது. ஆனால் முதல் உரிமையைச் சித்திரத்திற்கே தந்தது. ஆகஸ்டு மாத முன்னோட்ட ஆட்டங்களில் சேஸ் எளிய பந்துகளையும் நழுவவிட்டார். அப்போது எழுந்த ஏளனம் சிறிதன்று. செப்டம்பர் வந்தது, ஏளனம் அடங்கியது. அவ்வாண்டில் அவர் 81 பந்துகளைப் பற்றி, 1,455 கெஜம் கடந்தார். 2022 ஜனவரி 15ஆம் நாள், 31 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்நகரின் குழு வெளியேற்றச் சுற்றில் வென்றது. அடுத்த வாரம் டென்னஸி டைட்டன்ஸ் குழுவிடம் பர்ரோ ஒன்பது முறை வீழ்த்தப்பட்டார். எழுந்து எழுந்து ஆடினார். அந்த ஆட்டத்தையும் குழு வென்றது.

பிப்ரவரி 13ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரி லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ். ஏழு முறை பர்ரோ மண்ணில் வீழ்ந்தார். ஆட்டம் முடிய ஒரு நிமிடமும் இல்லை, மூன்று புள்ளிகள் பின்தங்கிய நிலை, நான்காம் முயற்சி, ஒரே ஒரு கெஜம் தேவை. அந்தக் கணத்தில் சேஸ் தம்மைக் காவல் காத்தவரை முந்தி, தனியாக ஓடிக்கொண்டிருந்தார். அவரை நோக்கிப் பந்து வரவில்லை. ராம்ஸ் குழுவின் ஆரன் டோனால்ட் சுவரைப் பிளந்து உள்ளே வந்து, பர்ரோவைப் பற்றிச் சுழற்றிவிட்டார். கையை விட்டுத் தடுமாறிச் சென்ற பந்து தரையில் விழுந்தது. 23க்கு 20 என்று ஆட்டம் முடிந்தது.

எடுத்த சித்திரம் ஒளி வீசிக்கொண்டு நின்றது. எடுக்காத சுவர் இடிந்து விழுந்தது. இரண்டும் ஒரே நொடியில் நிகழ்ந்தன.

அப்படியானால் அன்று எடுத்த முடிவு தவறா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. சேஸ் இல்லாமல் அந்த இறுதி ஆட்டத்தை அவர்கள் எட்டியிருப்பார்களா என்று கேட்டால், ஆம் என்று துணிந்து கூறுவார் யார்? சூவலை டெட்ராய்ட் லயன்ஸ் குழு ஏழாம் இடத்தில் எடுத்துக்கொண்டது. முதல் ஆண்டில் அக்குழு மூன்று ஆட்டங்களில்தான் வென்றது. நல்ல கல் ஒன்று கிடைத்த அளவில் மதில் எழுந்துவிடவில்லை. பொறுமையோடு மேலும் கற்களை அடுக்கினர். 2024 ஜனவரியில், 32 ஆண்டுகளுக்குப் பிறகு, அந்நகரமும் வெளியேற்றச் சுற்றில் வெற்றியைக் கண்டது. மறுபுறம், 2024ஆம் ஆண்டுப் பருவத்தில் பந்து பற்றிய எண்ணிக்கையிலும் கடந்த தொலைவிலும் சேஸே நாட்டில் முதல்வர். ஆயினும் அவர் குழு வெளியேற்றச் சுற்றுக்குள் நுழையவே இல்லை.

இவற்றை ஒருங்கு வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். எந்த ஓர் இடமும் தனியே ஒரு குழுவைக் காப்பாற்றுவதில்லை. ஒன்றைத் தேர்ந்தெடுத்த நாளிலேயே, விட்ட மற்றொன்று கடனாக நின்றுவிடுகிறது. அந்தக் கடனை நினைந்து, அடுத்த வாய்ப்பிலேயே அடைக்க முயல்பவர் பிழைக்கிறார். கிடைத்ததன் மகிழ்ச்சியில் அதனை மறப்பவர் வட்டியோடு செலுத்துகிறார். சின்சினாட்டியும் இதனை உணர்ந்தது. இறுதி ஆட்டத்தில் தோற்ற மறுமாதமே, பிற குழுக்களில் ஆடிய தடுப்பு வீரர் மூவரை ஒப்பந்தம் செய்து கொண்டுவந்தது. பாடம் கற்றது நன்றே. அதற்குள் அந்த இளைஞரின் உடல் செலுத்திய விலைதான் பெரிது.

சிறு பொருளைக் கையில் வைத்துக்கொண்டு நூலகமா கூரையா என்று தயங்கும் பள்ளிக்கும், மூத்தவனின் படிப்பா இளையவளின் மருந்தா என்று உறங்காதிருக்கும் பெற்றோருக்கும் இந்தத் துன்பம் புதியதன்று. எதை எடுத்தாலும் குறை கூற ஆள் இருக்கும். எடுத்த பிறகும், எடுக்காமல் விட்டதன் முகத்தை மறவாதிருப்பவரே தேர்ந்தெடுக்கும் உரிமைக்குத் தக்கவர்.