கூட்டித் தள்ளிய கோலம்

சென்ற தீபாவளி விழாவுக்குப் பள்ளி மண்டபத்தில் வண்ண அரிசிக் கோலம் போட்டிருந்தோம். நான் நிழற்படம் எடுப்பதற்குள் ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவன் அதைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளிவிட்டான். விழா முடிந்ததும் மண்டபத்தைத் துப்புரவு செய்யச் சொன்னவன் நானே. ஆயினும், அறிக்கையில் இணைக்கப் படம் இல்லையே என்ற எரிச்சலில் அனைவர் முன்னிலையிலும் அவனைக் கடிந்துகொண்டேன். "விழாதான் முடிஞ்சிருச்சே, சார்" என்றான், வேறொன்றும் சொல்லவில்லை.

பின்னர் நான்காம் ஆண்டு அளவைப் பாடத்துக்காக இணையத்தில் தேடியபோது 'நேனோமண்டலா' என்னும் கலைப்படைப்பைப் பற்றி அறிந்தேன். ஊடகக் கலைஞர் விக்டோரியா வெஸ்னாவும் நேனோ அறிவியலாளர் ஜேம்ஸ் கிம்செவ்ஸ்கியும் உருவாக்கியது. திபெத்தியப் பௌத்தத் துறவியர் இட்ட சக்கரசம்வர மணல் மண்டலமே அதற்கு மூலம். அத்துறவியர் கர்நாடகத்தின் முண்ட்கோட்டிலுள்ள காதென் மடத்தைச் சேர்ந்தவர்கள்.

மணல் மண்டலம் இடுவது பொறுமைக்கு வைக்கும் தேர்வு. சக்பூர் என்னும் ஒடுங்கிய உலோகக் குழாயில் வண்ண மணலை நிரப்பி, அதன் பக்கத்திலுள்ள வரிகளை மற்றொரு கோலால் உரசுவார்கள். அந்த அதிர்வில் மணல் இழை இழையாக இறங்கும். நடுவிலிருந்து வெளிநோக்கிப் பல நாள் இடுவார்கள். முடிந்ததும் வெளியிலிருந்து நடுநோக்கிக் கூட்டி, ஓடும் நீரில் கரைத்துவிடுவார்கள்.

அறிவியல் இங்கே என்ன செய்தது? ஒரே ஒரு மணல் துகளை மின்னணு நுண்ணோக்கியில் வைத்தது. துகளின் நுண்ணமைப்பில் தொடங்கும் காட்சி, படிப்படியாக விரிந்து முழு மண்டலமாகி, மீண்டும் துகளுக்கே திரும்புகிறது. ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறுதான் ஒரு நேனோமீட்டர். அந்த உலகம் வரை கண் இறங்கிப் பார்க்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டக் கலை அருங்காட்சியகத்தில் இதனை ஏறத்தாழ 8 அடி விட்டமுள்ள மணல் பரப்பின்மீது ஒளியாகப் பாய்ச்சினார்கள். பார்வையாளர்கள் அம்மணலைக் கையால் அளையலாம்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. துறவியரின் மண்டலம் கரைந்தால் கரைந்ததுதான். ஒளிப்படக் காட்சியோ சுழன்று சுழன்று வந்துகொண்டே இருக்கும். சடங்கின் உயிரான பகுதியைக் கருவி விட்டுவிட்டதோ? ஆனால், கையை எடுத்தபின் மணலில் பதிந்த விரல்தடம் அடுத்தவர் கை பட்டதும் போய்விடுமே என்றும் தோன்றியது. இதை எண்ணும்போதெல்லாம் அந்த மாணவனின் முகமே முன்னே வந்தது.

மறுநாள் வகுப்பில் அனைவர் முன்னிலையிலும் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் கூச்சத்தால் நெளிந்தான். பிறகு நேனோமண்டலாவின் கதையைச் சொன்னேன்.

"நம்ம கோல அரிசியை அப்படிப் பார்க்கலாமா, சார்?" என்று அவனே கேட்டான்.

அரிசி ஏது? அவன் ஓடிப்போய் மண்டபத்துத் துடைப்பத்தைக் கொண்டுவந்தான். ஈர்க்குகளுக்கிடையே நான்கைந்து நீல அரிசிகள் சிக்கியிருந்தன. உருப்பெருக்கிக் கண்ணாடியை வாங்கி நெடுநேரம் உற்றுப் பார்த்தான். ஒன்றை நகத்தால் உடைத்தான்.

"உள்ளே இன்னும் வெள்ளையாத்தான் இருக்கு, சார்."