முள்ளுக்கு மேலே ஒரு முழம்

ஏற்காட்டின் லேடீஸ் சீட்டில் நிற்கிறவருக்கு, வானம் தெளிந்த நாளில் தொலைவிலே தென்படும் மேட்டூர் நீர்த்தேக்கம் ஒரு ரமணீயமான காட்சி. 1934-இல் கட்டி முடிந்து, சென்னை மாகாண கவர்னராயிருந்த ஸ்டான்லியின் பெயரைத் தாங்கும் அந்நீரில் பரிசலேறித் தூண்டில் போடுகிறவருக்கோ, அது கல்லும் சுவரும் முட்புதரும் மறைந்து கிடக்கும் பூமி. சேர்வராயன் மலையிலிருந்து இறங்கிக் கொளத்தூரை அடுத்த பண்ணவாடிக்கு நான் சென்றது அந்தப் பூமியைப் பற்றி விசாரிக்கத்தான்.

பழைய பண்ணவாடி நீருக்கடியில் இருக்கிறது. நீர்மட்டம் வெகுவாகத் தாழும் காலத்தில் ஜலகண்டேசுவரர் கோயில் நந்தியும் கிறிஸ்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளிப்படுவதைக் காண ஜனங்கள் திரளுவார்கள். தூண்டில்காரர்களுக்கு அந்த இடிபாடுகளில் வேறு அக்கறை: மீன் ஒதுங்குவதும் அங்கேதான், நரம்பு அறுவதும் அங்கேதான்.

வலையே பிரதானமான அந்தக் கரையில், கவிழ்த்துச் சாய்த்த பரிசலின் நிழலில் ஒரு பெரியவர் முள் கட்டிக்கொண்டிருந்தார். உருளையில் இருந்ததெல்லாம் சாதாரண நைலான் நரம்பு. ஈயக்குண்டுக்கும் முள்ளுக்கும் இடையே ஒரு முழம் மட்டும் ஃபுளோரோகார்பன்.

“முழுக்க இதையே போட்டா கட்டுபடியாகுங்களா சார்?” என்றார்.

ஜப்பானின் குரேஹா கம்பெனி 1971-இல் சந்தைக்குக் கொண்டுவந்த சரக்கு இது. ஒளி முறிவெண் தண்ணீருக்கு 1.33, இதற்கு 1.42, நைலானுக்கு 1.5-க்கு மேல், ஆகையால் நைலானைவிடக் குறைவாகத் தெரியுமே ஒழிய, அட்டையில் பிரகடனம் செய்கிறபடி மீனின் கண்ணுக்கு அடியோடு மறைந்துவிடும் என்பது வியாபாரிகளின் அதிசயோக்தி. காவிரியில் புதுவெள்ளம் புரண்டு நீர் கலங்கிவிட்டால் அந்தச் சிறு அனுகூலமும் இல்லை. அப்போதும் பெரியவர் இதை விடுவதில்லை. நைலான் நீரை உறிஞ்சிச் சற்றே பலம் குன்றும், இது உறிஞ்சாது, கல்லில் உராய்ந்தாலும் எளிதில் பிசிறாது, அடர்த்தி 1.78 ஆனதால் (நைலானுக்கு 1.14) இரையோடு அடியில் படிந்து கிடக்கும். மேல்நீரில் தக்கை போட்டுப் பிடிக்கிறவருக்கு அந்தக் கனமே உபத்திரவம்.

தேர்ந்தெடுக்கும் முறையைக் கேட்டேன். “கிலோவைப் பார்க்காதீங்க, கனத்தைப் பாருங்க,” என்றார். எத்தனை கிலோ தாங்கும் என்பதை ஒவ்வொருவர் ஒவ்வொரு விதமாக அச்சிடுகிறார்கள். பருமனை அப்படி எளிதில் ஏமாற்றமுடியாது. அவருடைய உருளையில் 0.35 மில்லிமீட்டர், முள் கட்டும் முழத்தில் 0.30. அடியில் சுவரில் சிக்கினால் இந்த முழம்தான் முதலில் அறவேண்டும். முள்ளோடு போகட்டும், ஈயமும் மீதி நரம்பும் கைக்கு வரட்டும் என்பது கணக்கு. முழத்தின் பலத்தை அதிகமாக்கினால், ஒரு கல் முழு உருப்படியையும் விழுங்கிவிடும்.

முடிச்சிலேதான் அவருடைய வித்தை பிரத்தியட்சமாயிற்று. சுற்றுகளைப் போட்டபின் இறுக்காமல், வாயில் வைத்து எச்சிலால் நனைத்து, அவசரமின்றி இழுத்தார். விறைப்பான இந்த நரம்பை உலர்ந்தபடியே வெடுக்கென்று இழுத்தால், உராய்வின் சூட்டில் முடிச்சருகே சுருண்டு பலவீனப்பட்டு, பெரிய மீன் துள்ளுகிற சமயம் பார்த்து அறும். பிறகு முள்ளிலிருந்து மேல்நோக்கி நகத்தால் வருடிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் நகம் தடுக்கியதும், பாதி நாள்கூட ஓடாத அந்த முழத்தைத் தயக்கமின்றி வெட்டியெறிந்து வேறொன்று கட்டினார். சிக்கனம் பேசிய மனிதரா இவர் என்று எனக்குத் தோன்றியது.

வாளைக்கும் இதுதானா என்றேன். அதன் பல் வரிசைக்கு முன்னால் எந்த நரம்பும் நிற்காது என்று சிரித்து, பெட்டியிலிருந்து மெல்லிய எஃகுக் கம்பிச் சுருள் ஒன்றை எடுத்துக் காட்டினார்.