கேமரா மேல் விழுந்த தோர்த்து

போன துலாமாசம் லீவுல ஊருக்குப் போனப்ப ஒரு வீரதீரச் செயல் செஞ்சேன். ஊருன்னா திருவனந்தபுரம், கரமனை. நாகர்கோவில்ல இருந்து வந்து சாலை பஜார்ல பாத்திரக்கடை வச்சிருந்த அப்பா போனதுக்கப்புறம் வீட்டுல அம்மா மட்டும்தான். நான் டொராண்டோல. அம்மா பாத்ரூம்ல வழுக்கி விழுந்ததே பக்கத்து வீட்டு சேச்சி சொல்லி 3 நாள் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அதுக்கப்புறம் தூக்கம் போச்சு.

கடையில கேமரா வாங்கலாம்தான். ஆனா 2016ல மிராய்ங்கற வைரஸ், கம்பெனி வச்ச பாஸ்வேர்டை மாத்தாத கேமராக்களைப் பிடிச்சுத்தானே இணையத்தையே ஆட்டி வச்சுது? நாமளே செய்வோம்னு இறங்கிட்டேன். 2015ல கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்கு ராஸ்பெர்ரி பை கொடுத்துச்சே, சேச்சி மகனுக்குக் கிடைச்சது பரண்ல தூங்கிட்டிருந்தது. தூசி தட்டி, கேமரா மாட்டி, மோஷன்ங்கற இலவச மென்பொருளைப் போட்டேன். படத்துல மாறுற புள்ளிகள் ஒரு அளவைத் தாண்டினா அது பதிவு பண்ணி மெயில் அனுப்பும். முதல் நாளே மெயில் குவிஞ்சுது. பாதி ஜன்னல்ல ஆடுற தென்னை ஓலை, மீதி பல்லி :-) ஜன்னல் பக்கத்தைக் கணக்குல எடுக்காதேன்னு சொன்னதும் அடங்குச்சு.

அடுத்த தலைவலி ஐபி. பல வீட்டுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரி, அதனால வெளியில இருந்து நம்ம வீட்டுக் கதவைத் தட்ட முடியாது. பையே உள்ளேயிருந்து என்னோட வாடகை சர்வரைக் கூப்பிட்டு, எஸ்எஸ்ஹெச் வழியா ஒரு சுரங்கம் திறந்து வைக்கற மாதிரி பண்ணேன்.

துலாவர்ஷம் வேற. சாயங்காலம் இடி கேட்டா அம்மா எல்லா பிளக்கையும் பிடுங்கிடுவா. அது சரிதான், ஆனா எழுதிட்டிருக்கும்போது கரண்ட் போனா எஸ்டி கார்டு காலி. 2 கார்டு போனப்புறம்தான் புத்தி வந்து, கார்டைப் படிக்க மட்டும்னு பூட்டி, படங்களை நேரா சர்வருக்கு அனுப்பினேன்.

அம்மா எல்லாத்தையும் பார்த்துட்டே இருந்தா. ஒண்ணும் சொல்லல.

டொராண்டோ வந்து திறந்தா திரை முழுக்க வெள்ளை. லென்ஸ் அவுட்டுன்னு நினைச்சு போன் பண்ணேன்.

"தோர்த்து போட்டிருக்கேன். நான் துணி மாத்துக எடம்லே அது."

பாஸ்வேர்டு, சுரங்கம், திருடன், ஹேக்கர் எல்லாத்தையும் யோசிச்ச மண்டைக்கு இது தோணவே இல்லை. கேக்காமலே கட்டில் பக்கத்துல மாட்டிட்டு வந்திருக்கேன். கழட்டச் சொல்லிடறேன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசல.

"வேண்டாம், கிடக்கட்டு. காலம்பற எந்திச்சு 6 மணிக்குத் தோர்த்தை எடுக்கேன். எடுத்தா நல்லா இருக்கேன்னு வச்சுக்கோ. நீ பார்த்ததும் மறுபடி போட்டிருவேன்."

இப்ப அப்படித்தான் ஓடுது. தோர்த்தை எடுத்தா படம் மாறும், மெயில் வரும். இங்க அப்ப ராத்திரி ஏழரை, கோடையில எட்டரை.

நேத்து ஆறேகாலுக்குத்தான் எடுத்தா. பால்காரன்கிட்ட பேசிட்டு நின்னாளாம். அந்தக் கால் மணி நேரத்துல சேச்சிக்கு நான் 4 தடவை போன் அடிச்சாச்சு.