மருமகன் என்ற ஒரு சொல்

தோட்டத்து மக்களுக்கு மரணசாதனம் எழுதி வைக்க என்ன இருந்தது என்று நீங்கள் கேட்கலாம். குடியிருந்த லயத்துக் காம்பராவே தோட்டத்துக்குச் சொந்தம். ஆயினும் காணி, கடை என்று தேடி வைத்த பெரிய கங்காணிமார் சிலர் எழுதி வைத்தார்கள். அப்படியொரு பத்திரத்துடன், கேகாலைப் பகுதி இறப்பர் தோட்டமொன்றில் பிறந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் அண்மையில் என்னிடம் வந்தார்.

"தம்பி, நாங்கள் பெரிய கங்காணியின் மகள் வழி. இதிலேயே இருக்கிறது, பாருங்கள்" என்றார்.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி நொத்தாரிசும் இரு சாட்சிகளும் ஒப்பமிட்ட தமிழ்ப் பத்திரம். காணியில் ஒரு பங்கு 'என் மருமகனுக்கு' என்றிருந்தது. அந்த மருமகனே ஆசிரியரின் பாட்டனார். நம் மொழியில் மகளின் கணவனும் மருமகன்; சகோதரியின் மகனும் மருமகன். பின்னாளில் எடுத்த ஆங்கில மொழிபெயர்ப்போ மகளின் கணவன் என்றே பொருள் கொண்டது. குடும்பமும் அதையே நம்பிவிட்டது.

சில வரிகள் கீழே, 'என் ஒரே மகளின் கலியாணச் செலவுக்கு' என்று ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. மகளுக்கு அப்போது மணமாகவேயில்லை! எனவே இவர் சகோதரியின் மகன். முறைப்பெண் என்று பின்னர் அவளையே மணந்திருக்கலாமே என்ற ஐயம் எஞ்சியது. ஆசிரியருடைய தகப்பனாரின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். தாயின் பெயர் வேறாக இருந்தது.

ஆசிரியர் நெடுநேரம் பேசவில்லை. "கங்காணி மகளின் வழி என்று பெருமை பேசினோம். பெற்றவளின் பெயரை மறந்து போனோமே" என்றார்.

பிழை அவருடையது மட்டுமன்று. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன், பூட்டன் எங்கே பிறந்தார்கள் என்றே கேட்டது. ஆண் வழியை நிரூபிக்கும் காகிதங்களைத் தகரப் பெட்டிகளில் காத்து வந்தோம். பாட்டிமாரின் பெயரை எவரும் கேட்கவில்லை. நாமும் எழுதி வைக்கவில்லை. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடு அந்தப் பிரசாவுரிமைச் சிக்கல் பெருமளவு தீர்ந்தது. பெயர்கள் மட்டும் திரும்பவில்லை.

உங்கள் வீட்டிலும் பழைய பத்திரம் இருந்தால் மூலத்தை முழுவதுமாக வாசியுங்கள். உறவுச் சொல் ஒன்றைக் கண்டதும் நின்றுவிடாதீர்கள்.

புறப்படுமுன் ஆசிரியர் என்னிடம் பேனை கேட்டார். தம் வம்சத் தாளில் கங்காணி மகளின் பெயரை வெட்டிவிட்டு, பாட்டியின் பெயரை எழுதினார்.