கைக்கு எட்டிய அறிவு

புத்தளத்திலிருந்து எழுவன்குளம் செல்லும் பாதையிலே, மரமுந்திரிகைத் தோட்டங்களும் பற்றைக்காடுகளும் மாறிமாறி வரும் வெளியில் அமைந்துள்ளது எங்கள் வண்ணாத்திவில்லு. மழைநீர் தேங்கி இயற்கையாய் அமைந்த நீர்நிலைக்கு எங்கள் பக்கத்தில் வில்லு என்று பெயர். நீர் தேங்குமிடத்தில் நுளம்பும் பெருகும். என் உம்மாவின் தாயார் இளமையாயிருந்த காலத்தில் காய்ச்சல் என்ற சொல்லுக்கு ஊரிலே ஒரே பொருள்தான் இருந்ததாம், அது மலேரியா. இலங்கை மலேரியா அற்ற நாடென உலக சுகாதார நிறுவனம் 2016ஆம் ஆண்டு செப்டெம்பரில் அறிவித்தபோது நான் பாடசாலை மாணவன். ஒரு பெரும்பகை ஒழிந்ததென்று எல்லாரையும் போல நானும் எண்ணினேன். அப்பகை தன் சுவடொன்றை எங்கள் குருதியிலே விட்டுச் சென்றிருந்ததை அறிவதற்குச் சில ஆண்டுகள் சென்றன.

அறியச் செய்தவள் என் ராத்தாவின் மகள். பிறந்து எட்டு மாதம்வரை நோயென்று எதையும் அறியாத குழந்தை அவள். ஒன்பதாம் மாதத்தில் ஒருநாள் அவளுடைய இரு கைகளின் புறங்களும் பாதங்களும் வீங்கின. தொட்டால் வீறிட்டாள். கண்ணூறு என்றனர் சிலர். தண்ணீர் ஓதிக் கொடுத்தனர். உப்பு ஒத்தடம் கொடுத்தோம். வீக்கம் வற்றியது, சில வாரங்களின் பின் மீண்டும் வந்தது. நாங்கள் அழைத்துச் சென்ற வைத்தியர் ஒருவர் அதனை மூட்டுவாதம் என்று கூறி மருந்தெழுதினார். அவரைக் குறைசொல்ல என் மனம் இடந்தரவில்லை. எங்கள் நாட்டில் அரிதாகக் காணப்படும் நோயை அரைமணி நேரத்தில் அடையாளங் காண்பது எளிதன்று. ஆயினும் அந்தத் தவறான பெயரோடு ஈராண்டுகள் கழிந்தன.

மூன்று வயதை அவள் எட்டும் வேளையில் ஒருநாள் காலை விளையாடிக்கொண்டிருந்தவள் மாலையில் வெளிறித் துவண்டாள். வயிற்றின் இடப்பக்கம் கல்லைப்போல் புடைத்திருந்தது. வைத்தியசாலையில் அன்றிரவே குருதி ஏற்றினர். பின்னர் அனுப்பிய குருதிச் சோதனையின் முடிவு வந்தது. தந்தை வழியால் அரிவாட்கல ஈமோகுளோபினும், தாய் வழியால் பீற்றா தலசீமியாவும் அவளிடம் வந்து கூடியிருந்தன. இரு பெற்றோருக்கும் உடலில் ஒரு குறையுமில்லை. அவர்கள் இருவரும் காவிகள் மட்டுமே.

கலைப்பீட மாணவனாகிய எனக்குக் குருதி என்பது அதுவரை உறவையோ வீரத்தையோ குறிக்கும் ஒரு சொல்லாகவே இருந்தது. அந்த விடுமுறை முடிந்து பல்கலைக்கழகம் திரும்பியதும் மருத்துவ பீட நண்பன் ஒருவனின் துணையோடு நூல்களைப் புரட்டத் தொடங்கினேன். நான் அறிந்தவற்றுட் சிலவற்றையே ஈண்டுக் கூறுகின்றேன்.

1904இல் சிக்காகோ நகரில் பல்வைத்தியம் பயின்ற வால்ற்றர் கிளெமன்ற் நோவெல் என்ற கிரனேடாத் தீவினரின் குருதியில் வளைந்த கலங்கள் காணப்பட்டன. 1910இல் ஜேம்ஸ் ஹெரிக் என்னும் வைத்தியர் அதனை வெளியிட்டார். நோய் ஈமோகுளோபின் மூலக்கூற்றில் உள்ளதென 1949இல் லைனஸ் போலிங்கும் அவரது குழுவினரும் நிறுவினர். அம்மூலக்கூற்றின் பீற்றாச் சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டமிக்கமிலம் இருக்கவேண்டியவிடத்து வலீன் என்னும் அமினோவமிலம் இருப்பதே வேறுபாடு என்பதை 1950களின் பிற்பகுதியில் வேர்னன் இங்ரம் கண்டார். ஒரேயொரு அமினோவமிலம் மாறிவிட்டால், ஒட்சிசன் குறையுமிடத்தில் ஈமோகுளோபின் ஒன்றோடொன்று கோத்து நீண்ட கோல்களாகின்றது. வட்டத்தட்டுப் போன்ற செங்குருதிக் கலம் அரிவாளாய் வளைகின்றது. நுண்ணிய குழாய்களில் அது சிக்கிக்கொள்ள, அப்பால் உள்ள எலும்பும் தசையும் குருதியின்றித் தவிக்கின்றன. ராத்தாவின் மகள் கைபடும்போதெல்லாம் வீறிட்டதன் காரணம் அதுவே.

முதல் எட்டு மாதமும் அவள் நலமாயிருந்ததற்கும் விளக்கம் இருந்தது. கருவிலே உண்டாகும் ஈமோகுளோபின் பிறந்த பின்னரும் சில மாதங்கள் குழந்தையைக் காத்து நிற்கின்றது என்பதை 1948இல் ஜனற் வற்சன் என்ற பெண் வைத்தியர் உணர்த்தினார். அக்காப்பு மெல்ல நீங்கும்போதே நோய் தலைகாட்டுகின்றது. நோயின் அலகு ஒற்றையாய் இருப்போரை மலேரியாவின் கொடுமை அணுகுவது அரிதென 1954இல் அந்தனி அலிசன் எடுத்துக்காட்டினார். தலசீமியாவுக்கும் அத்தகைய தொடர்பு உண்டென்பது பின்னர் தெளிவாயிற்று. எனவே எங்கள் முன்னோரை வில்லுக்கரை நுளம்பிலிருந்து காத்த கவசமே எங்கள் குழந்தைக்கு நோயாயிற்று எனலாம்.

இவையெல்லாம் என் அறிவுக்கு வியப்பளித்தன. ஆனால் ராத்தாவுக்குப் பயன்பட்ட ஆராய்ச்சி வேறொன்று.

ஜமெய்க்காவின் கிங்ஸ்ரன் நகரில் 1973ஆம் ஆண்டு தொடங்கி, ஓரிலட்சம் குழந்தைகளின் கொப்பூழ்க்கொடிக் குருதியைச் சோதித்து, நோயுள்ள குழந்தைகளைப் பிறப்பிலிருந்தே பின்தொடர்ந்தனர் கிரஹம் சேர்ஜன்ற் என்ற வைத்தியரும் அவரது குழுவினரும். அக்குழந்தைகளுள் பலர் சிறுவயதிலேயே திடீரென இறந்தனர். உடலின் குருதியில் பெரும்பகுதி சில மணி நேரத்துக்குள் மண்ணீரலில் அடைபட்டுவிடுவது அதற்கொரு காரணம். அவர்கள் செய்த பரிகாரம் மிக எளியது. இடப்பக்க விலா எலும்பின் கீழே விரல்களை வைத்து மண்ணீரல் பருத்துள்ளதா என்று பார்க்கத் தாய்மாருக்குக் கற்பித்தனர். 1985இல் வெளிவந்த அவர்களது கட்டுரையின்படி, அத்தகைய தாக்குதல் நூற்றுக்கு இருபத்தொன்பது அளவில் இருந்த மரணம் மூன்று அளவாகக் குறைந்தது. மறு ஆண்டு அமெரிக்காவில் 215 குழந்தைகளிடம் நடந்த ஆய்வு, நாளுக்கு இருமுறை வாய்வழி கொடுக்கும் பெனிசிலின் கடுங்கிருமித் தொற்றை 84 வீதம் குறைப்பதைக் காட்டிற்று. பயன் அத்துணைத் தெளிவாயிருந்தமையால் குறித்த காலத்துக்கு முன்னரே அவ்வாய்வை நிறுத்தி எல்லாக் குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தனர். 1998இல், மூளைக்குச் செல்லும் குருதியின் வேகத்தை ஒலியலைக் கருவியால் அளந்து, ஆபத்துள்ள பிள்ளைகளுக்கு ஒழுங்காகக் குருதி ஏற்றினால் பாரிசவாதத்தைப் பெரிதும் தடுக்கலாம் என்பதும் நிறுவப்பட்டது.

மகளின் நோயைக் கண்டறிந்த வைத்தியர் ராத்தாவின் கையைப் பிடித்துக் குழந்தையின் வயிற்றிலே வைத்து, "இதை நாள்தோறும் பாருங்கள்" என்றாராம். ராத்தா ஒன்பதாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர். ஆயினும் சோறு வெந்ததை ஒரு பருக்கையைத் தொட்டு அறியும் அக்கை அதனையும் விரைவிற் கற்றுக்கொண்டது. ஆறு மாதங்களின் பின் ஓர் இரவு, உறங்கும் மகளின் வயிற்றைத் தடவியவர் எழுந்து விளக்கைப் போட்டார். "கீழே இறங்கியிருக்கு" என்ற ஒரு சொல்தான் அவர் வாயிலிருந்து வந்தது. முச்சக்கரவண்டியில் வைத்தியசாலைக்கு விரைந்தோம். இம்முறை குழந்தை வெளிறுவதற்கு முன்னரே அங்கிருந்தோம். கிங்ஸ்ரன் நகரத் தாய்மாரை ராத்தா ஒருநாளும் அறியார். அவர்கள் விரல்களிலிருந்து இவர் விரல்களுக்கு ஓர் அறிவு கடல்கள் கடந்து வந்து சேர்ந்திருந்தது.

இவ்வறிவு எல்லா இடத்தும் இவ்வாறு வந்து சேர்வதில்லை. தமிழகத்தின் நீலகிரி மலையில் வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாட்கலப் பண்பு உண்டென 1952இலேயே லேமன், கற்புஷ் என்னும் இருவர் பிரித்தானிய மருத்துவ இதழொன்றில் எழுதினர். அவர்களுடைய ஆர்வம் பெரிதும் மனித இனங்களின் தொடர்பு பற்றியது. இந்தக் குருதி எந்த இனத்திலிருந்து வந்தது என்பதே வினா. குருதி கொடுத்த மக்களின் பிள்ளைகள் எவ்வாறு பிழைப்பர் என்பது வேறு வினா. அவ்வினாவைக் கையிலெடுத்து, பழங்குடிப் பெண்களையே தாதியராய்ப் பயிற்றிய ஆதிவாசி மருத்துவமனை கூடலூரில் எழுந்தது 1990இலேதான். இடையில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். அரிவாட்கல நோயை 2047இற்குள் ஒழிக்கும் நாட்டளாவிய திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது 2023ஆம் ஆண்டு ஜூலையில். அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்காவில் பரம்பரையலகைத் திருத்தும் சிகிச்சை அங்கீகாரம் பெற்றது. அதன் விலை இருபத்திரண்டு இலட்சம் டொலர். அறிவின் பெருமிதத்தை நான் குறைத்துரைக்கவில்லை. ஆனால் ஒரு தாயின் விரலும் ஒரு பெனிசிலின் வில்லையும் காத்த உயிர்களையும் அந்தக் கணக்கிலே சேர்க்கவேண்டும் என்கிறேன்.

இன்னொன்றும் எழுதவேண்டும், எழுதத் தயங்கியதை மறைக்கவில்லை. ஊரிலே பழி முதலில் ராத்தாவின்மீதே விழுந்தது. தந்தையிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று நான் விளக்கியபோது கேட்டவர்கள் தலையசைத்தனர். பின்னர் தாயையே பேசினர். கிரேக்க நாட்டின் ஓர்க்கோமெனோஸ் என்னும் ஊரில் மக்களின் குருதியைச் சோதித்துக் காவிகள் யாரெனச் சொன்னார்களாம். பல குடும்பங்கள் அச்செய்தியை மறைத்தே மணம் பேசின; காவிகள் ஒருவரையொருவர் மணப்பது குறையவில்லை. சோதனைக் குழாய் கூறும் உண்மையை ஏற்க மனம் வேறொரு பயிற்சி பெறவேண்டும். அப்பயிற்சி கலைப்பீடத்தாராகிய நம் பொறுப்பில் ஒரு பங்கு என்று எனக்குத் தோன்றுகின்றது.

அதனால் நானும் சோதித்துக்கொண்டேன். ராத்தாவிடம் உள்ள அதே தலசீமியா அலகு என்னிடமும் உண்டு. இலங்கையர் நூற்றுவருள் இருவர் அளவில் அவ்வலகைச் சுமப்பதாக 2000ஆம் ஆண்டின் ஆய்வொன்று கூறுகின்றது. ஆகவே நான் தனியன் அல்லன். முடிவு எழுதிய தாளை உம்மாவிடம் கொடுத்தேன். அவர் அதனை மடித்து, எங்கள் பிறப்பத்தாட்சிப் பத்திரங்கள் உள்ள பெட்டியில் வைத்தார். "பெண் பேசி வருவோரிடம் இதைக் காட்ட வேண்டுமா?" என்று கேட்டார். "முதலில் இதைக் காட்டுங்கள்" என்றேன். உம்மா மறுமொழி கூறவில்லை. பெட்டியைப் பூட்டவுமில்லை.

ராத்தாவின் மகள் இப்போது பாடசாலை செல்கின்றாள். தண்ணீர்ப் போத்தலை மறவாமல் எடுத்துச் செல்ல அவளுக்குத் தெரியும். நீர் குறைந்தால் நோவு வரும் என்பதும் தெரியும். சென்ற விடுமுறையில் அவள் தன் துணிப் பொம்மையைப் படுக்கவைத்து, அதன் இடப்பக்க வயிற்றில் நான்கு விரல்களை வைத்து அமர்த்திக்கொண்டிருந்ததைக் கண்டேன். "என்ன பார்க்கிறாய்?" என்றேன். "இறங்கவில்லை, மாமா" என்றாள்.